முதுகு காட்டிய மன்றம்

1958-ஆம் ஆண்டு தை மாதம், திண்டுக்கல் கலாபிவிருத்தி மன்றத்தின் புதுக் கட்டடம் விடிவதற்குள் திரும்பி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதே வாரம் சின்ன வெங்காயத்தின் விலை பாதியாக இறங்கியிருந்ததால் சந்தைக்காரர்கள் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். கட்டடத்தில் ஒரு கீறல் விழவில்லை. அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. முகப்பு மண்டபத்தில் ரயில் நிலையச் சாலையைப் பார்த்துப் படுத்திருந்த காவல்காரர் சின்னக்கண்ணு, கண் விழித்தபோது நைனா முகமது ராவுத்தரின் தோல் பதனிடும் ஷாப்பைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளின் வாடை தாங்காமல் போர்வையை மூக்கோடு சுற்றிக்கொண்டு மறுபக்கம் புரண்டார். சாலையில் போனவர்களுக்குத் தூண்களோ, படிகளோ, டிக்கெட் ஜன்னலோ, பெயர்ப்பலகையோ தெரியவில்லை. பூச்சு வேலை முடியாத பின்சுவரும், நடிகர்கள் வந்துபோக வைத்திருந்த குட்டையான கதவும்தான் தெரிந்தன.

இதற்குக் காரணம் யார் என்பதில் ஊருக்குள் இன்றுவரை ஒற்றுமை கிடையாது. ஒற்றுமை என்ற சரக்கே அந்த மன்றத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. மன்றத்தின் தலைவர் பெரியகருப்பன் ஒரு லாரி முதலாளி. மதுரையில் இருக்கிற ஒன்று திண்டுக்கல்லில் இல்லையே என்ற எரிச்சலில் கட்டிய மன்றம் அது. கலைக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் இல்லை. அந்த நாட்களில் சென்னைக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. மாணவர்களுக்கு, சபாக்களையும் நாடக மன்றங்களையும் நிர்வகிப்பது எப்படி என்று தனியாக ஒரு படிப்பு வைத்திருந்தார்கள். நடிக்கிறவனுக்குப் படிப்பில்லை, பாடுகிறவளுக்குப் படிப்பில்லை, அவர்களுக்கு நாற்காலி போடுகிறவனுக்குப் படிப்பா என்று ஊர் சிரித்தது. அந்தப் படிப்பில் கடைசி வருடம் ஏதாவது ஒரு மன்றத்தில் வேலை பழக வேண்டும். அப்படி வேலை பழக வந்தவர்கள் இருவர். ஒருத்தி தோல் ஷாப் நைனா முகமதுவின் மகள் கமர்ஜஹான். மற்றவன் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை சோலைமுத்து. இருந்ததோ ஒரே ஒரு செயலாளர் பதவி.

பெரியகருப்பன் இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார். "ஏலே, நீ நம்ம பய. பதவி உனக்குத்தான், வெளிய மூச்சு விட்றாத" என்று சோலைமுத்துவிடம் சொன்னார். "உங்க அத்தா முகத்துக்காகச் சொல்றேன்மா, பதவி உனக்குத்தான். யாருகிட்டயும் சொல்லிக்கிறாத" என்று கமர்ஜஹானிடம் சொன்னார். இப்படியாக இரண்டு பேரின் உழைப்பும் அவருக்கு ஓசியில் கிடைத்தது. கமர்ஜஹானுக்கு இந்தப் பதவி வெறும் உத்தியோகமாக இல்லை. வாணியம்பாடியில் பெரிய தோல் வியாபாரி வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ரம்சானுக்குள் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் சம்பந்தம் வேண்டாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு வாணியம்பாடி போக வேண்டும் என்று அவளுடைய அத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே, கட்டடம் எழும்பிக்கொண்டிருக்க, பக்கத்துக் கொட்டகையில் நிகழ்ச்சிகள் நடந்த அந்த வருடம் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள். அவள் நாற்காலிகளுக்கு எண் ஒட்டினால் அவன் வரிசையைக் கலைத்தான். அவன் பேசி வைத்த நாடகக் குழுவுக்கு அவள் வேறு தேதி கொடுத்தாள். சென்னையில் இருந்த பேராசிரியருக்கு வாரம் தவறாமல் இருவரிடமிருந்தும் தபால் போனது. அவள் எழுதியதெல்லாம் அவனுடைய குற்றம், அவன் எழுதியதெல்லாம் அவளுடைய குற்றம். ஊருக்கோ இருவரையுமே பிடிக்கவில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீர்கள், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று கேட்டதால் நடிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஓசியில் உள்ளே போக முடியாததால் எதிர் டீக்கடையில் உட்காருகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. படித்தவர்கள் என்பதால் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை.

புதுக் கட்டடத்துக்கென்று கமர்ஜஹான் ஒரு விதி கொண்டுவந்தாள். எந்த நிகழ்ச்சியும் இரவு ஒன்பதரைக்குத் திரை இறங்கிவிட வேண்டும். கிராமத்து ஜனங்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டேஷன் வாசலில் குழந்தைகளோடு குந்தியிருப்பதை அவள் பார்த்திருந்தாள். நல்ல விதிதான். ஆனால் ஒரு நாடகம் மங்களம் பாடித்தான் முடிய வேண்டும், மங்களம் பாடாமல் திரை விழுந்தால் அது ஆடுகிறவர்களுக்கும் ஆகாது, ஆடுகிற இடத்துக்கும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்த நாடகமெல்லாம் கல்லூரி விழாவில் போட்டது. அங்கே கடைசியில் தேசிய கீதம்தான் பாடுவார்கள். சோலைமுத்துவுக்குத் தெரியும். அவன் ஊர்த் திருவிழாவில் மங்களம் கேட்காமல் சின்னப் பிள்ளைகூடப் பாயைச் சுருட்டாது. தெரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய விதி அவளையே கவிழ்க்கட்டும் என்று காத்திருந்தான்.

திறப்பு விழா வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்த பொன்னாடைகள் ஏழரை வரை விழுந்தன. செங்கல் கொடுத்தவர், சுண்ணாம்பு கொடுத்தவர், கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காதவர் எல்லாருக்கும் மாலை போட்டார்கள். பணத்தில் பெரும்பங்கு கொடுத்த நைனா முகமதுவைத் தோல் வாடை அடிக்கும் என்று மூன்றாம் வரிசையில் உட்காரவைத்து, அவர் பெயரை வாசிக்க மறந்தும் போனார்கள். மிச்சம் கிடந்த நேரத்தில் நாடகம் ஓடியது. கதாநாயகியாக ஸ்திரீபார்ட் வேஷம் கட்டியவர் அன்னாள் என்ற நடிகை. மேட்டுப்பட்டிக்காரர், இந்தப் பக்கத்து மேடைகளில் அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. ஒன்பதரை ஆனபோது எல்லாரும் கைகூப்பி நிற்க, அன்னாள் மங்களத்துக்கு வாய் திறந்தார். கமர்ஜஹான் மணியை அடித்தாள். சோலைமுத்து கயிற்றை விட்டான். திரை அன்னாளின் முகத்துக்கு நேரே சரசரவென்று இறங்கியது.

ஆர்மோனியக்காரர் பெட்டியை மூடவே மறந்து உட்கார்ந்திருந்தார். அன்னாள் கிரீடத்தைக் கழற்றிச் சோலைமுத்துவின் கையில் கொடுத்தார். "படிச்ச புள்ளைக ரெண்டு பேரும் சேந்து என் வாயை மூடிட்டீக. எனக்குப் பரவாயில்ல, நான் நாளைக்கு வேற ஊர்ல பாடிக்கிருவேன். இந்தக் கட்டடம் எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு, முகத்துப் பவுடரோடு கடைசி பஸ்ஸில் ஏறிப் போனார். மறுநாள் விடியும்போது கட்டடம் போகிற அளவுக்குப் போயிருந்தது.

காலையில் பின்சுவருக்கு முன்னால் கூட்டம் நின்றது. கமர்ஜஹான் நேரே சோலைமுத்துவிடம் வந்தாள்.

"மங்களம் பாடாமத் திரை விழக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவள் அவனை அறைவாள் என்று டீக்கடைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

கமிட்டி கட்டடத்தைத் திருப்பப் பார்த்தது. பெரியகருப்பன் தன் லாரிகளில் சங்கிலி கட்டி இழுத்தார். சங்கிலி அறுந்தது, லாரிக்காரர்கள் பாரம் ஏற்றப் போய்விட்டார்கள். மதுரையிலிருந்து வந்த இன்ஜினீயர் வரைபடத்தை விரித்து, நூல் பிடித்து அளந்து, அஸ்திவாரமும் சேர்ந்தே திரும்பியிருக்கிறது, வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். பின்சுவரை இடித்துப் புது வாசல் வைத்தார்கள். இடித்த செங்கல் மறுநாள் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. கடைசியில் பழத்தட்டோடு அன்னாளிடம் ஆள் அனுப்பினார்கள். "கட்டடம் கோவிச்சா கட்டடத்துகிட்டப் போயிப் பேசுங்க. என் கோவம் வேற" என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். மிச்சம் இருந்தது அந்தக் குட்டைக் கதவு. அதன் வழியாக, வேஷம் கட்டும் அறையைக் கடந்து, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். தலையைக் குனிய வேண்டும், அவ்வளவுதான். கூத்தாடிகள் நுழைகிற கதவில் மன்றத்து நிர்வாகி எவரும் குனிந்து நுழையக் கூடாது என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அவர்கள் ஒருமனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதே கூட்டத்தில் சோலைமுத்துவைச் செயலாளராக நியமித்தார்கள். மணியடித்தது கமர்ஜஹான், ஆகவே பழி அவளுக்கு. கயிற்றை விட்டவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. ரம்சானுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவள் வீட்டுக்குப் போய், புத்தகங்களைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினாள். வாணியம்பாடிக்குச் சம்மதம் சொல்லி எழுதிவிடுங்கள் அத்தா என்றாள். அப்போது அவள் அழவில்லை; முகம் வெந்துபோயிருந்தது.

நைனா முகமது தோல் உலர்த்தும் களத்துக்கு அவளைக் கூட்டிப்போனார். களத்தின் விளிம்பில் மன்றத்தின் படிகள் இறங்கியிருந்தன. தூண்கள், டிக்கெட் ஜன்னல், செயலாளர் அறையின் கதவு எல்லாம் அவருடைய நிலத்தைப் பார்த்துத் திறந்திருந்தன.

"அந்த ரூமுக்கு வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

"குட்டைக் கதவு இருக்கு அத்தா. அதுல போக மாட்டோம்னு அவுகளே தீர்மானம் போட்டுட்டாங்க."

"அப்ப என் களத்தை மிதிச்சுத்தான் போகணும். நான் எவனையும் விட மாட்டேன். நீ போயி உக்காரு."

"வேலை அவருக்குல்ல கொடுத்திருக்காங்க."

"கொடுத்தவன் ரோட்டுல நிக்கிறான். வாசல் நம்ம பக்கம் நிக்குது. போம்மா."

மகள் மேல் அவருக்கு இருந்த பாசத்தைவிடக் கமிட்டி மேல் இருந்த ஆத்திரம் அதிகம். அதை மறைக்கவும் இல்லை. வாணியம்பாடிக்கு அன்றைக்கே மறுப்பு போனது. கமர்ஜஹான் படியேறிப் போய்ச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரம்சான் வந்தது, போனது.

அதன்பின் திண்டுக்கல்லில் ஒரே மன்றத்துக்கு இரண்டு செயலாளர்கள் இருந்தார்கள். சோலைமுத்து நியமன உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்சுவருக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உத்தியோகம் பார்த்தான். கமர்ஜஹான் உத்தரவு ஏதும் இல்லாமல் உள்ளே இருந்து நாடகம் நடத்தினாள். நிகழ்ச்சிகளை நாலு மணிக்கே ஆரம்பித்து, மங்களம் முழுதாகப் பாடவிட்டு, ஜனங்களைக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பினாள். பார்க்க வந்தவர்கள் காயப்போட்ட ஆட்டுத்தோல்களுக்கு நடுவே, மூக்கில் மல்லிகைப் பூவை வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். கொஞ்ச நாளில் பூவை எடுத்துவிட்டார்கள், மூக்குக்குப் பழகிவிட்டது. அன்னாள் மூன்று வருடம் கழித்து வந்தார். வழக்கமாக வாங்குவதைப்போல் இரட்டிப்பாகக் கேட்டார். கமர்ஜஹான் பேரம் பேசவில்லை.

கமிட்டி கோர்ட்டுக்குப் போனது. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுத்தது. கோர்ட்டுச் சிப்பந்தியான அமீனா வந்து பார்த்து, பத்திரத்தில் கண்டபடி கிழக்குப் பார்த்த கட்டடம் எதுவும் அந்த இடத்தில் இல்லை, மேற்குப் பார்த்த ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். காணாமல்போன கட்டடத்தின் மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பெரியகருப்பனின் வக்கீலே அதை நியாயம் என்றார்.

1961-இல் டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டதால், சோலைமுத்து மன்றத்தைச் சுற்றிக்கொண்டு களத்தின் ஓரத்தில் வந்து நின்றான்.

"உள்ள வரலாமா?"

"தோலை மிதிக்காம வாங்க" என்றாள் கமர்ஜஹான்.

அவன் வந்தான். அறையில் ஒரே நாற்காலி இருந்தது. அவள் எழவில்லை. அவன் நின்றுகொண்டே நாடகக் குழுக்களுக்குத் தேதி பேசினான். அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன், அது அவளுக்கும் தெரியும். இருவருக்கும் ஒருவரையொருவர் கடைசிவரை பிடிக்கவில்லை. திரைக் கயிற்றின் பக்கம் மட்டும் அவனை அவள் என்றைக்கும் விட்டதில்லை.

நகரசபை மேற்கே புதுச் சாலை போட்டது. டவுன் பஸ் அந்தப் பக்கம் நின்றது. பூக்காரர்கள், பிரியாணிக் கடை, மிட்டாய்க் கடை, சைக்கிள் கடை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. பழைய ரயில் நிலையச் சாலைக்குப் பின்தெரு என்று பெயர் வந்துவிட்டது. கமிட்டிக்காரர்களின் வீடுகள் அங்கேதான் இருந்தன. மன்றம் முன்பு வேறு பக்கம் பார்த்தது என்று சொன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியார் கணக்கில் தப்பு விட்டதைப்போல் பார்த்தார்கள்.

1966-இல் சென்னையிலிருந்து ஒரு பெரிய குழு வந்தது. ஊரே திரண்டது. பெரியகருப்பன் அதுவரை அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை, அன்றைக்கு வந்தார். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்தைக் கடந்து, நேரே டிக்கெட் ஜன்னலுக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"செயலாளரைக் கூப்புடும்மா. தலைவர் வந்திருக்கேன்னு சொல்லு."

"நான்தான் செயலாளர். வரிசையில வாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். வரிசை மிட்டாய்க் கடைவரை நின்றது. யாரும் வழி விடவில்லை. அவர் யார் என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியகருப்பன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, மிட்டாய்க் கடைக்கு நடந்து, நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்தபோது ஜன்னலுக்குள் பணத்தை நீட்டினார்.

"செயலாளரம்மா, ஒரு டிக்கெட்டுக் கொடுங்க."

கமர்ஜஹான் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தாள்.