நாலரை மணிச் சங்கு

ஜெயிக்கிற கட்சிக்குக் கை தட்ட எனக்கு வராது. அது ஒரு வியாதி என்கிறாள் என் மனைவி சின்னம்மை. இருந்துவிட்டுப் போகட்டும். டி.வி.யில் எந்த ஆட்டம் ஓடினாலும் முதலில் ஸ்கோரைப் பார்ப்பேன். யார் பின்னால் கிடக்கிறார்களோ அவர்கள்தான் அன்றைக்கு என் ஆட்கள். எந்த நாடு, என்ன மொழி, எதையும் கேட்கமாட்டேன். ஆறு கோல் வித்தியாசத்தில் ஜெயிப்பதெல்லாம் ஒரு ஆட்டமா? கடைசி நிமிடம் வரை வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அது சறுக்குகிற நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அப்படிப்பட்டவன் கையாலேயே போன வருடம் எங்கள் டீம் தோற்றது.

என் பெயர் செல்லதுரை. அரவேணுவுக்கு மேலே இருக்கும் மேல்பாறை டீ எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறேன். சங்கு ஊதுவதும் என் வேலை. சங்கு என்றால் சைரன்தான். மாடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். மாலை நாலரைக்குச் சங்கு கேட்டதும், கொழுந்து பறிக்கிற பெண்கள் எந்தக் காட்டில் நின்றாலும் கையை நிறுத்திவிட்டு, நெற்றியில் மாட்டிய கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு எடை போடக் கிளம்புவார்கள். இருபது வருடம் இதையே செய்தவர்களுக்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை, உடம்பே கேட்டுக்கொள்ளும்.

ஃபேக்டரிக்குக் கீழே உள்ள மைதானத்தில் ஒவ்வொரு மே மாதமும் பெண்களுக்கான ஃபுட்பால் போட்டி நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எங்கள் டீமில் ஏழு பேரும் கொழுந்து பறிப்பவர்கள். கோல் கீப்பர் வேலாமணி, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு. போன வருடம் டவுன் டீமோடு மோதினார்கள். அவர்களுக்கு கோச் உண்டு, ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் உண்டு. எங்கள் பெண்களோ காலையில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அப்படியும் ஒன்றுக்கு ஒன்று. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன் நான். மணி நாலரை. பழக்கதோஷம், ஸ்விட்சை அழுத்தினேன்.

எங்கள் ஏழு பேரும் நின்றுவிட்டார்கள். வேலாமணியின் இரண்டு கையும் நெற்றிக்குப் போயின, அங்கே இல்லாத கயிற்றைச் சரிசெய்ய. பந்து அவள் இடுப்பை உரசிக்கொண்டு கோலுக்குள் போனது.

ரெஃபரி ஜஸ்டஸ் சார் நியாயமான மனிதர். "சங்கு என் விசில் இல்லீங்கம்மா. நான் விசில் ஊதற வரைக்கும் ஆட்டம்தானுங்க" என்று கோலைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. குற்றம் என் கட்டை விரல்மேல்.

அன்றிலிருந்து அவளுக்கு 'சங்கு வேலாமணி' என்று பெயர். அரவேணு கடைத்தெருவில் அவளைக் கண்டால் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் உள்ளங்கையைக் குவித்து 'ஊ' என்று ஊதுவார்கள். அவள் நெற்றியில் கை வைக்கிறாளா என்று பார்த்துச் சிரிப்பார்கள். வருடம் முழுக்க ஊதினார்கள். மற்றவர்களும்தான் நின்றார்கள், ஆனால் கோல் கீப்பர் பாவத்துக்குத்தான் ஊரில் மன்னிப்பே கிடையாதே. அவள் கடைக்குப் போவதையே விட்டாள். ஆனால் மைதானத்துக்குப் போவதை விடவில்லை. எடை போட்டு முடிந்ததும் டீமில் ஆடுகிற சசிகலாவைக் கூட்டிக்கொண்டு போய், "அடி புள்ள, அடி" என்று இருட்டும் வரை பந்து பிடிப்பாள்.

இந்த வருடம் ஃபைனலில் மறுபடியும் அதே டவுன் டீம். ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஆட்டம். மே மாதம் கொழுந்து கொட்டுகிற காலம், ஞாயிறும் வேலை உண்டு, அதனால் சங்கும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் முடிகிற நேரத்துக்குச் சரியாகச் சங்கு வந்து நிற்கும்.

நான் முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கு ஸ்விட்ச் கெட்டுப்போகும். ஆட்டம் முடிந்ததும் தானாகவே சரியாகிவிடும். மேனேஜர் மெமோ கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வது என்று இருந்தேன். சும்மா இருக்க மாட்டாமல் சின்னம்மையிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் வாயில் எது நின்றிருக்கிறது?

ஞாயிறு காலை வேலாமணி பாய்லர் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்குச் சங்கு ஊத மாட்டீங்களாமா?"

"ஸ்விட்ச் ரிப்பேரு அம்மிணி" என்றேன்.

"ரிப்பேரு சாயங்காலந்தான் வருமாக்கும்?"

நான் விறகைத் தள்ளுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"மேல காட்டுல நாப்பது பேரு நிப்பாங்க. சங்கு கேட்டாத்தான கூடைய எறக்குவாங்க? நாங்க ஜெயிக்கறதுக்கு அவுங்க முதுகு நோகோணுமா?"

"பத்து நிமிசந்தான?"

"பத்து நிமிசம் கூடையத் தூக்கிட்டு நின்னு பாருங்க, தெரியும்." அவள் குரல் ஏறிவிட்டது. "அதுவுமில்லாம, சங்கு ஊதாததால ஜெயிச்சவன்னு ஒரு பேரு வேணுமா எனக்கு? இருக்கற பேரு போதாதா? ஊதுங்க. ஒரு நிமிசம் முழுசா ஊதுங்க. நடுவுல கைய எடுத்தீங்க, அப்பறம் நம்ம பேச்சுவார்த்தை இல்லீங்க, ஆமா."

எனக்குக் கோபம் வந்தது. ஆடுகிறவர்களுக்குத் தோற்றால் ஒரு நாள் துக்கம், பார்க்கிற எனக்கு ஒரு வருடத் துக்கம். அதைச் சொன்னால் அடிப்பாள் என்று தெரிந்ததால் சரி என்றேன்.

ஆட்டம் என்றால் அது ஆட்டம். ஏழாவது நிமிடத்திலேயே டவுன் டீம் ஒரு கோல் போட்டது. அவர்களுடைய கேப்டன் எல்சா, காந்தலைச் சேர்ந்த பெண், பந்தைக் காலில் ஒட்டிவைத்ததுபோல் கொண்டுபோகிறாள். எதிரி என்றாலும் அழகு அழகுதான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கீழே ஒருத்தருக்கும் கேட்டிருக்காது, அதற்காகக் கத்தாமல் இருக்க முடியுமா? இடைவேளைக்குப் பிறகு எங்கள் சசிகலா வழுக்கி விழுந்தபடியே ஒரு பந்தை உதைத்தாள். அது கம்பத்தில் பட்டு, யோசித்து, உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. நான் ஜன்னல் கதவை அடித்த அடியில் கண்ணாடி விரிசல் விட்டது. மெமோ வாங்க அது ஒன்றே போதும்.

வேலாமணி அதன்பிறகு நான்கு பந்துகளைத் தடுத்தாள். ஒன்றை முகத்தால் தடுத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபடியும் நின்றாள்.

நாலு இருபதுக்கு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது, எங்கள் பேச்சில் மஞ்சு. இந்த மலையில் நடுக்கோட்டில் நிற்கிற ரெஃபரிக்கு இரண்டு கோல் கம்பமும் தெரிகிற வரைக்கும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஜஸ்டஸ் சாருக்கு இரண்டும் தெரிந்திருக்கும், நிறுத்தவில்லை. மாடியில் இருந்த எனக்கு முதலில் மைதானத்தின் தூரத்துக் கோடு போனது, பிறகு ஆட்கள் நிழலானார்கள். கடைசியாக நான் கண்டது, டவுன் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்ததும் அவர்கள் எல்லாரும் எங்கள் கோலுக்கு முன்னால் வந்து கூடியதும்தான். கோலை விட்டு வராத அவர்களுடைய கீப்பர்கூட நடுக்கோடு வரை வந்துவிட்டாள். அதற்குமேல் எல்லாம் வெள்ளை.

மணியைப் பார்த்தேன். நாலரை.

ஒரு நிமிடம் தள்ளிப்போட்டால் யாருக்குத் தெரியும்? கார்னர் முடிந்ததும் ஊதலாமே? பிறகு காலையில் வேலாமணி போட்ட சத்தம் காதுக்குள் கேட்டது. அழுத்தினேன்.

அந்த ஒரு நிமிடத்தைப்போல ஒரு நிமிடம் எனக்கு வந்ததில்லை. கண்ணுக்கு மஞ்சு, காதுக்குச் சங்கு. கீழே இந்த மலையின் மிகப் பெரிய ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எனக்கு அது இல்லை. முப்பது நொடியில் கையை எடுத்துவிடு என்று மனது அரித்தது. எடுக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். முழுசாக அறுபது நொடி. விட்டதும் காது அடைத்துக்கொண்டது. அப்புறம் கீழேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. யாருடைய கூச்சல் என்று தெரியவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடினேன்.

கோட்டோரம் நின்றிருந்த எடைக்கார முனியசாமி என்னைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உலுக்கினான். "நிக்கலீங்கண்ணா! ஒருத்திகூட நிக்கலீங்க! டவுன் புள்ளைங்கதான் நின்னுட்டாங்க!"

அவன் மூச்சிரைக்கச் சொன்னது இதுதான். சங்கு ஊதியதும் டவுன் பெண்கள் பந்தைப் பார்க்கவில்லை, வேலாமணியின் கையைப் பார்த்தார்கள், இப்போது நெற்றிக்குப் போகும் என்று. கையோ மேலே போய்ப் பந்தைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் சசிகலாவுக்கு எறிந்தாள். கீப்பரே நடுக்கோட்டில் அல்லவா வாய் பிளந்து நிற்கிறாள்? சசிகலா ஒற்றை ஆளாக ஓடிக் கோலுக்குள் பந்தோடு போய் விழுந்தாள்.

இரண்டுக்கு ஒன்று. நான் சத்தியமாக அழுதேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், மைதானத்து நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதற்குள் டவுன் கோச் ஷிஜோ ரெஃபரியிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "சங்குச் சத்தத்துல எங்க பிள்ளைங்க நின்னுட்டாங்க சார். இது நியாயமில்லை. கோல் செல்லாது. அந்தக் கார்னரைத் திரும்ப அடிக்கணும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "போன வருசம் இந்த நியாயம் எங்க போச்சு?" என்று பாய்ந்தேன். ஜஸ்டஸ் சார் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், முடித்துவிடத்தான்.

"இருங்க சார்" என்றாள் வேலாமணி.

மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் உதட்டில் காய்ந்திருந்தது. அவள் ஷிஜோவைப் பார்த்துச் சொன்னாள். "கோலை அழிச்சுக்குங்க. ஒண்ணுக்கு ஒண்ணு. கார்னர் உங்களுக்கு. சங்கும் மறுக்கா ஊதட்டும். அண்ணா, போயி ஊதுங்க."

கையில் வந்ததை யாராவது கீழே போடுவார்களா? போதாததற்கு, நேரம் தப்பிச் சங்கு ஊதினால் ஃபேக்டரியில் தீ என்று அர்த்தம், வேலையே போனாலும் போகும். பாவி மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோலை நோக்கி நடந்தாள். நானும் ஃபேக்டரியை நோக்கி நடந்தேன். அவளே நடக்கும்போது எனக்கென்ன வந்தது?

படியில் கால் வைத்தபோது கூட்டம் அமைதியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் வேலாமணி முழங்காலை மடக்கித் தயாராக நின்றாள். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் பந்து இருந்தது. அதை அடிக்க ஆள் வரவில்லை. ஷிஜோ தன் பெண்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்சாதான் தலையை ஆட்டினாள்.

"வேணாம் சார். அந்தக்கா பிடிச்சிரும். கோல் கோல்தான்."

ஜஸ்டஸ் சார் நீளமாக விசில் அடித்தார். ஆட்டம் முடிந்தது, ஊரே உள்ளே ஓடியது, ஆட்டோ ஸ்டாண்ட்காரர்கள் உட்பட. வேலாமணி மட்டும் கோலை விட்டு அசையவில்லை. ஓடி வந்தவர்களை இரண்டு கையையும் விரித்து நிறுத்தினாள்.

"வேற யாராச்சும் அடிக்கோணுமா?" என்று கேட்டாள். "இருந்தா வாங்க. நான் இங்கதான் நிப்பேன்."