முகம் கொஞ்சம் பிரைட்டாக

கல்யாண போட்டோகிராபரின் மனைவிக்கு நாற்பத்தோரு வயதானபோது, அவள் எதிரே நின்றாலும் பின்சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. இது ஒரே நாளில் நடந்ததல்ல. அவள் நல்ல கறுப்பு. கல்யாணமானதிலிருந்து கணவர் ஸ்டூடியோவின் மாதிரிப் படங்களுக்கெல்லாம் அவள்தான் உட்கார்ந்தாள். படங்கள் ஊரிலிருந்த ஒரே கலர் லேபுக்குப் போகும். இரண்டு படி வெளுத்துத் திரும்பி வரும். வெளுத்த அளவுக்கு அவளும் வெளுப்பாள். ஒரு தடவை படமெடுத்துக்கொண்டவர்களுக்குக் காது மடலோ சுண்டு விரலோதான் மங்கியது. இவளுக்கு இருபத்திரண்டு வருஷம். ஆரம்பத்தில் சொந்தக்காரர்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “எங்கண்ணன் கை பட்டதும் நல்லா கலர் வந்துட்டீங்களே அண்ணி” என்று நாத்தனார் கன்னத்தைக் கிள்ளினாள். அதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெளுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனபின் அவள் தண்ணீர் மாதிரி தெளிய ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஒருவன் காலி சீட் என்று அவள் மடியில் உட்கார்ந்து, இறங்கும்வரை பேப்பர் படித்தான்.

டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். கணவர் லேபுக்குப் போய்க் கத்தினார். “நீங்க கேக்கறதத்தானே சார் செய்யறோம்” என்றார் லேப்காரர். கணவர் அவர் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டு, இனி வீட்டிலேயே பிரிண்ட் போடுவோம் என்று பிரிண்டர் கடைக்குக் கிளம்பினார். அவளும் போனாள். பிரிண்டில் போன நிறம் பிரிண்டில்தான் திரும்பும், எந்த மெஷினானாலும் தன் முன்னால் தன் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

விற்பனையாளர் முதலில் மேஜைமேல் வைக்கும் சின்ன மெஷினைக் காட்டினார். “வீட்டுக்கு ஏ-ஃபோர் போதும் மேடம்.”

“ஏ-ஃபோர்ல போட்டா நான் ஏ-ஃபோர் அளவுக்குத்தான் திரும்பி வருவேன். ஆளுயரம் வேணும்.”

ரோல் பேப்பர் போடும் பெரிய மெஷின்களிடம் போனார்கள். முதலாவது நாலு கலர் மெஷின். அவள் முழங்கை பாசி நிறமானது. இரண்டாவதின் பளபளப்பில் கடையே அசந்தது, ஆனால் முகத்தைத் தானாகவே திருத்தும் வசதி அதற்கு இருந்ததால் மூக்கு காணாமல் போனது. “அது என்ன திருத்தறது? நான் என்ன கணக்குப் பரீட்சையா?” என்றாள் மூக்கில்லாமல். மூன்றாவதுக்குப் பன்னிரண்டு மை. கறுப்பே இரண்டு, சாம்பலில் மூன்று, வருஷக்கணக்கில் மங்காத வகை. திருத்தும் வசதிகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றாள். துண்டுப் பேப்பர் வெளியே வந்தது. மூக்கு அதன் சொந்த நிறத்தில் திரும்பி வந்தது. அதையே வாங்கினார்கள்.

இருபத்துநாலு அங்குல ரோல் மெஷினுக்குப் படுக்கையறையைத்தான் காலி செய்ய வேண்டியிருந்தது. பரணை ஒழித்தபோது லேப் ஆர்டர் சீட்டுகளின் கட்டு அவள் கையில் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷத்துச் சீட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் கணவரின் அழகான கையெழுத்தில் ஒரே வரி: முகம் கொஞ்சம் பிரைட்டாக.

“இது உங்க கையெழுத்துதானே?”

“எல்லா கஸ்டமருக்கும் அப்படித்தாம்மா எழுதறது. பழக்கதோஷம்.”

“நான் கஸ்டமரா?”

அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை; திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தன் ஆளுயரப் படத்தை மெஷினில் கொடுத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடியது. நெற்றியிலிருந்து கால்விரல்வரை அங்குலம் அங்குலமாகக் கறுத்து வந்தாள், கல்யாணத்தன்று இருந்ததைவிடவும் ஒரு பிடி கூடுதலாக. கடிகாரம் அவளுக்குப் பின்னால் முழுசாக மறைந்தது. பிறகு கணவரின் வலது கையைப் பிடித்து மேஜைமேல் வைத்துப் படமெடுத்தாள். அணைத்து வைத்திருந்த திருத்தும் வசதிகளையெல்லாம் திரும்பப் போட்டு, வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றி, அந்தக் கையை மட்டும் பிரிண்ட் போட்டாள்.

“எப்பம்மா திருப்பித் தருவே?”

“இருபத்திரண்டு வருஷம் போகட்டும். பாக்கலாம்.”

காது போனவர்களும் விரல் போனவர்களும் இப்போது அந்த வீட்டு வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். மெஷின் அவள் பொறுப்பு. சீட்டு எழுதுவது அவர். சட்டைக் கையின் நுனிக்கு வெளியே, யாரும் பிடிக்காத பேனா ஒன்று நகர்ந்து நகர்ந்து ‘நிறம் உள்ளபடி’ என்று எழுதுகிறது. வந்தவர்கள் சீட்டை வாங்கி, எழுத்து புரிகிறதா என்று பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.