பல் முளைத்த ரயில்

பொய்ப்பல் செய்யும் அந்தப் பட்டறையின் கண்ணாடி ஜன்னலில் பல்செட்டுகளைத்தான் வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றை நின்று பார்த்தவர்கள் யாருமில்லை. நடையை எட்டிப் போட்டவர்கள் உண்டு. பண்டிகை விடுமுறை நெருங்கியபோது முதலாளியம்மா ஒரு பெரிய பெட்டியைச் சுமந்து வந்து வேலை மேசையில் இறக்கினார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திச் செய்யும் ரயில் அது. சிவப்பு எஞ்சின், அலங்கார மரம் ஏற்றிய ஒரு பெட்டி, பரிசுப் பொட்டலங்கள் ஏற்றிய இன்னொரு பெட்டி, சுற்றி ஓட வட்டத் தண்டவாளம்.

"இதைச் செஞ்சு ஜன்னல்ல ஓட விட்டா நாலு பேரு நின்னு பார்ப்பாங்க."

"நிக்கிறவங்களுக்கெல்லாம் பல்லு இருக்குமே மேடம். நமக்கென்ன லாபம்?" என்றான் பாலிஷ்.

அங்கே செய்கிற வேலைதான் ஆளின் பெயர். பல்செட்டைத் தேய்த்துப் பளபளக்க வைப்பவன் பாலிஷ். வெள்ளை மாவில் அச்சு வார்க்கும் கனத்த மனிதர் மாவு. அவருடைய புருவம்கூட எப்போதும் வெள்ளையாக இருக்கும். மெழுகில் பல் பதிப்பவள் மெழுகு. அவள் அதிகம் பேசமாட்டாள். யாராவது ஏதாவது கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும்.

இந்த முறை அவளாகவே வாயைத் திறந்தாள்.

"லீவுல யாரு டியூட்டி?"

விருந்து வீடுகளில் எலும்பைக் கடித்துப் பல்செட்டை இரண்டாக்கிக்கொண்டு ஓடி வருபவர்களுக்காக, விடுமுறை முழுவதும் ஒருவர் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் சீட்டுக் குலுக்குவார்கள். ஒவ்வொரு வருடமும் மெழுகுக்கே விழும். அவளும் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் இந்த விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து அவளுடைய தங்கை வருகிறாள், இதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்த குழந்தையோடு. விடுமுறை முடியும்போது அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

"சீட்டு வேண்டாம்" என்றாள் மெழுகு.

முதலாளியம்மா பெட்டியைப் பார்த்தார். "சரி, ரயிலே சொல்லட்டும். ஆளுக்கொரு ஸ்டேஷன் கட்டிக்கங்க. நான் திரும்பி நின்னு ரிமோட் சுவிட்சை அணைப்பேன். எந்தக் கட்டடத்து வாசல்ல எஞ்சின் நிக்குதோ, அவங்க டியூட்டி. அப்புறம் யாரும் முனகக் கூடாது."

அன்றிலிருந்து சாப்பாட்டு இடைவேளைகளில் ஜன்னலோர மேசையில் ரயில் வளர்ந்தது. பல் அளக்கும் கண்களுக்கு மயிரிழைப் பிசகுகூடத் தப்பவில்லை. இடுக்கியால் எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு கட்டையையும் வைத்தார்கள். புகைக்கூண்டின் மூடி பெட்டியில் இல்லை என்று தெரிந்தபோது, மாவு ஓசைப்படாமல் அச்செடுத்து ஒன்றை வார்த்துவிட்டார். கைவசம் இருந்தது ஈறு செய்யும் பொருள். புகைக்கூண்டு இளஞ்சிவப்பாகத் திறந்த வாய் போல நின்றது.

"ஈறு வந்தாச்சு. பல்லு வராமலா இருக்கும்?" என்றான் பாலிஷ்.

மறுநாள் காலையில் எஞ்சினின் முகத்தில் மேல்வரிசைப் பற்கள் முளைத்திருந்தன. அவ்வளவு ஒழுங்காகப் பதிக்கத் தெரிந்தவள் அந்தப் பட்டறையில் ஒருத்திதான். அவள் தலையைத் தூக்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது? கடையைக் கேலிக்கூத்தாக்கிட்டீங்களே!" என்று முதலாளியம்மா கத்தினார். ஆனால் அதற்குள் வெளியே இரண்டு பெண்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர் குரலை இறக்கினார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கோரைப்பல்லை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளு."

ஸ்டேஷன்களும் எழுந்தன. தண்டவாளத்தின் ஓட்டத்தில் முதலில் பாலிஷ், அடுத்து மெழுகு, அதற்கடுத்து மாவு. மாவைத் தாண்டினால் ஒரு வளைவு; வளைவு முடிந்தால் மறுபடி பாலிஷ். மிஞ்சிய கட்டைகளை அள்ளி, வளைவுக்கு வெளியே மேசையோரமாக முதலாளியம்மாவும் ஒரு குட்டி வீடு கட்டினார். "எனக்கு ஸ்டேஷன் வேண்டாம்பா. ஓரமா ஒரு வீடு போதும்."

டியூட்டி முடிவாகும் நாளன்று ஒவ்வொருவருக்கும் ஜன்னல் பக்கம் ஒரு வேலை இருந்தது. பாலிஷ் துணியோடு போனான். அவன் ஸ்டேஷன் வாசலில் தண்டவாளம் கண்ணாடி போலப் பளபளத்தது. அங்கே எந்தச் சக்கரமும் நிற்காது. மாவு கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்தார். அவர் எழுந்தபோது மெழுகின் ஸ்டேஷன் பக்கத்து மேசைக்கால் ஒரு மாவுக்கட்டியின் மேல் நின்றது. மேசை அவர் பக்கம் சரிந்துவிட்டதால், இனி அவர் ஸ்டேஷனை ரயில் சறுக்கிக்கொண்டே கடந்துவிடும். எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில், மெழுகு வளைவின் முடிவில், பாலிஷின் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், ஒரு பக்கத் தண்டவாளத்தில் ஒட்டு மெழுகை மெல்லிசாக இழுத்துவிட்டாள். உடைந்த பல்செட்டையே அசையாமல் பிடித்துவைக்கிற மெழுகு அது.

பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனசாட்சி ஏதாவது சொல்லுமா என்று காத்திருந்தாள். அதுவும் அவளைப் போலவே பேசாமல் இருந்தது.

மாலையில் ரயில் பல்லைக் காட்டிக்கொண்டு புறப்பட்டது. வெளியே சிறு கூட்டம். முதலாளியம்மா ரிமோட்டோடு திரும்பி நின்றார். வளைவு முடிவில் ஒவ்வொரு சுற்றும் எஞ்சின் 'க்ரக்' என்று இருமியது.

"என்ன சத்தம் அது?" என்றார் திரும்பாமலே.

"ரயிலுக்கு ஜலதோஷம் மேடம்" என்றான் பாலிஷ். பளபளப்பை ஒவ்வொரு சுற்றிலும் வாரிக்கொண்ட சக்கரங்களும் மின்னின. அதை அவன் கவனிக்கவில்லை.

எஞ்சின் மெழுகின் ஸ்டேஷனை நெருங்கியது. சரியாக அந்த நேரத்தில் முதலாளியம்மாவின் கட்டைவிரல் அழுந்தியது.

தங்கையின் குழந்தை எந்தப் பக்கம் தலை சாய்த்துத் தூங்கும் என்று, சம்பந்தமே இல்லாமல், மெழுகுக்கு ஒரு எண்ணம் வந்து போனது. எஞ்சின் அவள் வாசலில் தயங்கியது. பளபளப்பேறிய சக்கரங்கள் நிற்கவில்லை. வழுக்கின. அவள் ஸ்டேஷனைத் தாண்டி, சரிவில் வேகம் பிடித்து, மாவின் ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைவுக்குள் பாய்ந்தது. வளைவின் முடிவில் ஒட்டு மெழுகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் கவ்வியது. எஞ்சின் பக்கவாட்டில் திரும்பி, தண்டவாளத்தை விட்டு எகிறி, பரிசுப் பொட்டலங்களை வாரி இறைத்தபடி மேசையில் சறுக்கிப் போய், முதலாளியம்மாவின் குட்டி வீட்டு வாசலைக் கடித்துக்கொண்டு நின்றது.

அந்தச் சத்தத்தில் முதலாளியம்மா திடுக்கிட்டார். அவர் உள்ளங்கையிலிருந்து ஏதோ தரையில் விழுந்து 'டிங்' என்றது. நீண்ட காம்பும் வட்டக் கண்ணாடியும் கொண்ட, வாய்க்குள் பார்க்கிற கருவி.

மாவு அதைக் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திரும்பி நின்னுகிட்டே ரயிலைப் பார்த்துட்டிருந்தீங்களா?"

"அது... மெழுகு இருந்தா எனக்குக் கவலையில்லைன்னுதான்" என்றார் முதலாளியம்மா. காது வரை சிவந்துவிட்டார். "நீங்க மட்டும் என்ன யோக்கியமா? மேசை ஏன் சாஞ்சிருக்கு? தண்டவாளத்துல ஏன் முகம் தெரியுது?"

மெழுகு மெல்லப் போய் எஞ்சினின் பற்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட ஆடவில்லை.

"கட்டடத்து வாசல்னுதானே சொன்னீங்க மேடம்" என்றாள். "ஸ்டேஷன்னு சொல்லலையே."

பாலிஷ் வாயைப் பொத்திக்கொண்டான். மாவு சிரித்த சிரிப்பில் அவர் புருவத்திலிருந்து வெள்ளை உதிர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள், விபத்தும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

விடுமுறையின் முதல் நாள் மதியம், தங்கையின் குழந்தை மெழுகின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் தலை சாய்த்து. போன் அதிர்ந்தது.

"ஒருத்தர் செட்டை ரெண்டா உடைச்சுட்டு வந்து நிக்கிறாரு" என்றார் முதலாளியம்மா. பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. "பட்டறை முழுக்கத் தேடிட்டேன். ஒட்டு மெழுகை எங்கே வெச்சிருக்கே?"

வழக்கம்போல மெழுகு உடனே பதில் சொல்லவில்லை. போனுக்குள் ரயில் ஒரு சுற்று வந்து, 'க்ரக்' என்று இருமியது.

"இப்போ இருமுச்சில்ல மேடம்," என்றாள் குழந்தை எழாதபடி மெதுவாக, "அங்கே சுரண்டிப் பாருங்க."