கியோங்கின் நான்கு கணினிகள்

சவப்பெட்டிக்கு ஆணி அடித்தபோது வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: மூத்தவர் லியோங் வாய் ஹூங், அவருடைய தங்கை சவ் ஃபோங், இறந்துபோன தம்பி வாய் கியோங்கின் ஒரே மகள் மெய் யீ, மந்திரம் ஓத வந்த பூசாரி, பெட்டி தூக்கும் நால்வர், தெருமுனைக் காப்பிக்கடைக்காரர் சியா. கேட்டுக்கு வெளியே ஒரு மலாய்க்காரர் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். அவரை யாருக்கும் தெரியாது.

பூசாரி கையை உயர்த்தியதும் எல்லோரும் பெட்டிக்கு முதுகு காட்டித் திரும்பினார்கள். ஆணி இறங்குவதைப் பார்க்கக் கூடாது. ஹூங் திரும்ப வேண்டியிருக்கவில்லை. அவருடைய நாற்காலியைக் காலையிலேயே சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். தம்பிக்கு அண்ணன் ஊதுபத்தி ஏற்றுவதில்லை, மண்டியிடுவதில்லை, சுடுகாட்டுக்கும் போவதில்லை. எழுபத்திரண்டு வயதில் முறை தவறுகிறவர் அல்ல அவர். முதுகை நிமிர்த்தி, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வருடமாக அந்தக் கை பெரும்பாலும் பைக்குள்தான் இருந்தது.

இறந்தவனின் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. ஊர் வாய்க்கு அதுவே முதல் அவல்.

தனியாகக் குடியிருந்த வாய் கியோங் சனிக்கிழமை விடிகாலையில் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நெஞ்சடைப்பு. திங்கட்கிழமைதான் கதவை உடைத்தார்கள். பின்னறையில் நான்கு கணினிகள் இரைந்து ஓடிக்கொண்டிருந்தன. அவை கக்கிய சூட்டில் அறை அடுப்பு போலக் காய்ந்து கிடந்தது. அந்த வெக்கையில் இரண்டு நாள். இரைச்சல் கேட்கிறவரை உள்ளே ஆள் இருக்கிறான் என்றே தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஹூங்கும் அப்படித்தான் நினைத்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் இதே கேட்டில் வந்து நின்று இரண்டு முறை கூப்பிட்டார். இரைச்சல் வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிடும் வழக்கம் அவரிடம் இல்லை. அண்ணன் வெயிலில் நிற்கிறேன், எழுந்து வர மனமில்லையா இவனுக்கு என்று திரும்பிப் போய்விட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கதவு உடைந்த அன்று மூக்கைப் பொத்தாமல் உள்ளே போய், நான்கு கணினிகளின் ஒயர்களையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார்.

ஆணிச் சத்தம் ஓய்ந்ததும் சியா அவர் காதருகே குனிந்தார்.

"ஹூங், தப்பா எடுத்துக்காத. மீட்டர்காரன் வர்றதுக்குள்ள அந்த மெஷினையெல்லாம் அப்புறப்படுத்திடு."

"எதுக்கு?"

"எதுக்கா? உன் தம்பி திருட்டு கரண்ட்டு இழுத்து பிட்காயின் எடுத்துக்கிட்டு இருந்தான்னு ஊரே சொல்லுது. இல்லாட்டி ராத்திரி பகலா நாலு மெஷின் ஒரு மனுசனுக்கு எதுக்கு?"

"லியோங் வீட்ல திருடன் பொறந்ததில்ல."

"நானா சொன்னேன்? ஊரு சொல்லுது லா."

சவ் ஃபோங் திரும்பிப் பார்த்தாள். "சியாண்ணே, உங்க கடையில காப்பி ஆறினாலும் பேச்சு ஆறாது. பொணம் வெளிய போகட்டும், அப்புறம் ஆத்துங்க."

சியா இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஹூங்குக்கு அது ஆறுதலாக இல்லை. ஏனென்றால் அவரும் அந்த ஊர்ப் பேச்சையே நம்பியிருந்தார். காலையில் ஒரு மலர்வளையம் வந்தது. வெள்ளைப் பட்டையில் 'கிந்தா வட்டார இரவு அணி, நாற்பத்தோரு கணினிகள்' என்று எழுதியிருந்தது. குலச்சங்கத்து வளையமும் கோயில் வளையமும் நிற்கிற வரிசையில் ஒரு திருட்டுக் கும்பலின் வளையமா? அதைக் கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்தில், எழுத்துச் சுவரைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லிவிட்டார். கும்பலுக்கே துணிச்சல் வந்துவிட்டதென்றால் நாளைக்குப் போலீஸ் வரும். அப்பாவின் பெயர் சந்திக்கு வரும். பெட்டி வாசல் தாண்டுவதற்குள் அது வரக்கூடாது என்பது ஒன்றுதான் காலையிலிருந்து அவர் மனதில் ஓடியது.

பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மலாய்க்காரர் உள்ளே வந்தார். அறுபது வயது இருக்கும். ஹூங் முன்னால் வந்து தலை தாழ்த்தினார்.

"அண்ணே, என் பேரு சுல்கிஃப்லி. பத்து காஜா ஊர்ல தபால்காரனா இருந்தேன். நாங்க அனுப்புன பூ வளையம் வந்து சேரலீங்களா? வரிசையில காணோமே."

ஹூங் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் அந்த அணியா? என் தம்பிக்கு மாசம் எவ்வளவு குடுத்தீங்க?"

"குடுக்கறதா?" சுல்கிஃப்லி விழித்தார். "யாரும் யாருக்கும் குடுக்கறதில்லண்ணே. கரண்ட்டு பில்லு அவங்கவங்க கட்டிக்கணும். மார்க்கு மட்டும் போடுவாங்க. உங்க தம்பி எப்பவும் என்னைவிட முன்னாடி. போன வருசம் புது மெஷின் வாங்கி எட்டிப் புடிச்சேன். மறுமாசமே அவரு நாலாவது மெஷின் வாங்கிட்டாரு, சண்டாளன்." சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது அவருக்கு. "மன்னிச்சிருங்க. அப்படித்தான் பேசிக்குவோம்."

"என்ன வேலை அது?"

"நம்ம உடம்புல புரதம் இருக்குல்ல, அது நூல் மாதிரி வந்து, சுருண்டு மடங்கினாத்தான் வேலை செய்யும். தப்பா மடங்கினா வியாதி. எப்படி மடங்குதுன்னு கணக்குப் போட ஒரு பெரிய கம்ப்யூட்டர் பத்தாது. அதனால துண்டு துண்டாப் பிரிச்சு, ஊர் ஊரா வீட்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. நாம கணக்கை முடிச்சுத் திருப்பி அனுப்பணும்."

"யாருக்கு லாபம்?"

"ஆராய்ச்சிக்காரங்களுக்கு உதவும். எந்த வியாதிக்கு வேணும்னு நாமளே கேட்டு வாங்கலாம். நான் புத்துநோய்க்கு. எங்கம்மா அதுலதான் போனாங்க. கியோங்கு எப்பவும் கை நடுக்க வியாதிக்குத்தான் கேப்பாரு. யாருக்குன்னு கேட்டேன். வீட்ல ஒருத்தருக்கு இருக்கு, வெளிய சொன்னா அவருக்குப் புடிக்காது, அதோட விட்டுருன்னாரு."

மெய் யீ பெரியப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். சவ் ஃபோங் ஏதோ வேலை இருப்பதுபோல் சமையலறைப் பக்கம் போனாள்.

ஹூங் கேட்டார். "அவன் செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அதைத்தான் எங்களால ஜீரணிக்க முடியலண்ணே. சனிக்கிழமையும் அவரு பேர்ல கணக்கு வந்துச்சு. ஞாயித்துக்கிழமையும் வந்துச்சு. முந்திக்கிட்டே இருக்கான் பாருன்னு குரூப்புல திட்டிக்கிட்டு இருந்தேன். திங்கக்கிழமை காலையில நாலும் ஒண்ணா நின்னுச்சு. அப்பத்தான் என்னமோ ஆச்சுன்னு போன் போட்டோம். இந்தப் பொண்ணு எடுத்துச்சு."

"நிறுத்தினது நான்" என்றார் ஹூங்.

"பரவாயில்லண்ணே. பாதியில நின்ன கணக்குக்கு ஒரு கெடு இருக்கு. கெடு தாண்டினா அதை எடுத்து வேற யாருக்காவது குடுத்துருவாங்க. யாராவது முடிப்பாங்க."

ஹூங் எழுந்தார். சமையலறை வழியாகக் கொல்லைப்புறம் போனார். பெட்டி தூக்க வந்தவர்களில் ஒருவன் பின்னால் ஓடினான். "தாத்தா, விடுங்க, நான் தூக்கறேன்." அவர் விடவில்லை. இரண்டு கையாலும் வளையத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து வாசலுக்கு வந்தார். வலது கை வளையத்தோடு சேர்ந்து ஆடியது. வெள்ளைச் செவ்வந்தி இதழ்கள் உதிர்ந்துகொண்டே வந்தன. சியா பார்த்தார். தெருவும் பார்த்தது. லாரியின் நெற்றியில் குலச்சங்கத்து வளையம் கட்டியிருந்தது.

"அதை எறக்கு" என்றார். "இதைக் கட்டு. எழுத்து நல்லாத் தெரியணும்."

கட்டினார்கள். லாரி கிளம்பியது. மெய் யீ அப்பாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முறைப்படி ஹூங் கேட்டிலேயே நின்றுகொண்டார். சனிக்கிழமை நின்ற அதே இடம். இப்போது உள்ளே எந்த இரைச்சலும் இல்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடக்கப்போன சுல்கிஃப்லியை அவர் தடுத்தார்.

"அந்தக் கெடு. எப்ப முடியுது?"

"சிலதுக்கு நாளைக்கு. ஏண்ணே?"

"யாருக்கோ ஏன் போகணும்? சாயங்காலம் வந்து போட்டுக் காட்டிட்டுப் போங்க. எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்."

இறந்தவர் ஏழாம் நாள் வீடு திரும்புவார் என்பது வழக்கம். அன்று எல்லோரும் கதவடைத்துக்கொண்டு இருந்தார்கள். மறுநாள் காலை ஹூங் காப்பிக்கடைக்கு வந்து, தம்பி உட்காரும் மேசையில் உட்கார்ந்தார். சியா காப்பியை வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஹூங், உனக்குத் தெரியுமா? பின்னறையில மறுபடி இரைச்சல் கேக்குதாம். பூட்டின வீடு. கியோங்கு திரும்பி வந்து விட்ட வேலையை ஆரம்பிச்சுட்டான்னு தெருவுல ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல."

"கியோங் வரல" என்றார் ஹூங். "மெஷினைப் போட்டது நான்."