சிவப்பும் நீலமும்

திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் நாலு வரி வெள்ளை எழுத்து. செயற்கைக் கால் செய்யும் பட்டறையின் பழைய கணினி காலையிலிருந்து அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. எரிந்துபோன கிராபிக்ஸ் கார்டுக்குப் பதிலாகப் புதியது மாட்டியாயிற்று. ஆனால் திரையில் படங்களையும் ஜன்னல்களையும் காட்டும் மென்பொருளுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. "மொத்தமா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று விற்றவர்கள் போனை வைத்துவிட்டார்கள். கால் அளவைக் காட்டும் புரோகிராமோ வேறு எந்தக் கணினியிலும் ஓடாது.

கால் செய்பவர் தன் தங்கையைக் கூப்பிட்டார். அவள் வரும்வரை, புதுக்காலுக்காகப் பெஞ்சில் காத்திருந்த, பஸ் ஓட்டும் ஒரு அம்மாவிடம் தங்கை புராணம்தான். "அவ கை வெச்சா எந்த மிஷினும் முரண்டு பிடிக்காதுங்க." அந்த அம்மாவுக்கு மறுநாள் டெஸ்ட். புதுக்காலில் நடந்து காட்டினால்தான் மறுபடி வண்டியைத் தருவார்கள்.

தங்கை வந்ததும் கீபோர்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "கார்டு மேல தப்பில்லண்ணா. ரெண்டுக்கும் அறிமுகமில்ல, அவ்வளவுதான். எல்லாக் கார்டுக்கும் பொதுவா ஒரு மோட் இருக்கு, அதுல ஓட்டிப் பாக்கறேன்."

முதல் தடவை திரை கோடுகோடாகக் கிழிந்தது. அடுத்த தடவை, டிரைவர் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய காலின் படம் வரிவரியாக இறங்கி வந்தது. அண்ணன் அரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"இரு. சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கு" என்று தங்கை தடுத்தாள்.

சிவப்பு என்றால் அழுத்தம் படக்கூடாத எலும்பு; நீலம் பாரம் தாங்கும் சதை.

"எனக்குத் தெரியாதா? மாத்திப் பாத்துக்கறேன். அந்தம்மா எவ்வளவு நேரம்தான் உக்காந்திருப்பாங்க?"

"நீ மாத்திப் பாப்பே. நீ லீவு போட்ட அன்னிக்கு இன்னொருத்தர் பாத்து, யாரோட எலும்புலயாவது அழுத்திட்டா? இது சரியாகாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டிரைவர் அம்மாதான் "நான் இருக்கேன், பொண்ணு முடிக்கட்டும்" என்றார். அரத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் தங்கையின் குனிந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளுடைய கைராசியைத்தானே இத்தனை நாளும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம்! பிடிவாதத்தை யாரிடமும் சொல்லவில்லையே என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசியில் திரையில் எலும்பு சிவந்தது. அதன் பிறகு, காலின் மாவு அச்சை ராவிய அரத்துக்கு ஓய்வில்லை. மாலைக்குள் கால் தயாராகிவிட்டது.

"வலிக்குதாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்க வலிக்கணும்?" என்று சிரித்தபடியே டிரைவர் அம்மா நடைபழகப் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு நடந்தார். வாசற்படி தாண்டினார். தெருவில் இறங்கினார். தங்கை கதவோரம் நின்று பார்த்தாள். பின்னால் நின்ற அண்ணனின் கண்ணுக்கு, மாவுத்தூள் படிந்து வெளுத்திருந்த அவள் வகிடும், அதற்கப்பால் திரும்பிப் பார்க்காமல் போகும் முதுகும் தெரிந்தன.