மேனேஜர் எத்தனையாவது தலைமுறை?

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். என் அண்ணி கால்நடை மருத்துவர். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே அண்ணனிடம் இதைச் சொன்னார். "வெளியில போகக் கூடாது" என்றும் சொன்னார். நான் அங்கேயேதான் உட்கார்ந்து அவர்கள் வீட்டு பிஸ்கட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். எழுதுகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரகசியம் பேசியது அவர் தப்பு.

இது நான் எழுதும் ஐந்தாவது படி. நாலைக் கிழித்துப் போட்டாயிற்று. கவலை வேண்டாம், எனக்குக் கதை சொல்லத் தெரியும்.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள் இரண்டைக் காட்டுகிறேன்.

"புலியைப் போல் சோம்பல் முறித்த அந்தப் பூனை" — [வேண்டாம். எல்லோரும் புலியில்தான் ஆரம்பிப்பார்கள்.]

"மனைவியை இழந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கிடைத்த ஒரே துணை" — [இதைப் படித்த அண்ணி, "பூனை வளர்க்கறவன் எல்லாம் பொண்டாட்டி செத்தவனா? அந்தம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, எழுத்தாளரே" என்றார். அந்தம்மாவை உயிர்ப்பித்துவிட்டேன்.]

சரி, நேராகவே வருகிறேன். லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் எல்லாக் கதவுக் கைப்பிடியும் செங்குத்தாக நிற்கும். வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் கீழே அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். "பக்கவாட்டுல சாய்ச்சுத் திறங்க" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். காரணம் மேனேஜர். மேனேஜர் ஒரு பூனை. செர்வல் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் பிறந்த வம்சம். சவானா என்று அந்த இனத்துக்குப் பெயர். நெட்டைக் கால், மேலெல்லாம் கரும்புள்ளி, நின்ற இடத்திலிருந்து ஃப்ரிட்ஜ் மேல் ஒரே தாவு. வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் கைப்பிடியில் தொங்கிக் கதவு திறக்கக் கற்றுக்கொண்டது. மெக்கானிக் திருப்புளியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி நிமிர்த்தி மாட்டினார். அது எதிரே உட்கார்ந்து, ஒரு திருகாணி விடாமல் மேற்பார்வை பார்த்ததாம். பெயர் அப்படி வந்ததுதான்.

3

இப்போது சிக்கலுக்கு வருவோம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா புகார் கொடுத்துவிட்டார். வனத்துறை அதிகாரி வந்தார்.

சட்டம் இப்படி: காட்டுப்பூனையிலிருந்து ஐந்து தலைமுறை தள்ளி வந்ததை வீட்டில் வளர்க்கலாம். அதற்கு முந்தையதைக் கூடாது. பிடித்துக்கொண்டு போய்க் காப்பகத்துக் கூண்டில் விடுவார்கள், திரும்பி வராது. மெக்கானிக்கிடம் ஒரு காகிதம் இருந்தது. அதில் 'ஐந்தாம் தலைமுறை' என்று எழுதியிருந்தது. அதை எழுதிக் கொடுத்துப் பூனையை விற்றவர்தான் போனை எடுக்கவில்லை. அதிகாரி அண்ணியை அனுப்பினார்.

அண்ணி மேனேஜரின் காலை அளந்தார், எடை பார்த்தார், காதை மடக்கிப் பார்த்தார்.

"காகிதத்துல அஞ்சு. காலைப் பார்த்தா மூணு மாதிரியும் இருக்கு. எனக்குத் தெரியல. தெரியாததை எழுத மாட்டேன்."

மெக்கானிக் கையைப் பிசைந்தார். மனிதர் நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், எதற்கும் அசராதவர். அன்றைக்குக் கதவைப் பற்றித்தான் கேட்டார்.

"அந்தக் காப்பகத்துல கதவு எப்படி இருக்கும், டாக்டர்?"

"வெளியிலேருந்து மட்டும் திறக்கும்."



(மூன்றாவது படியில் இந்த வீட்டுக்குள் தவழும் குழந்தை ஒன்றை வைத்திருந்தேன். வைத்ததும் வாசகர்கள் எல்லோரும் பூனையைக் கூண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடுத்தேன், எல்லோரும் பூனையை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தையை வைத்து உங்கள் மனசை இப்படியும் அப்படியும் ஆட்ட என்னால் முடியும். வெட்கமாகப் போய்விட்டது. குழந்தை இல்லை. நிஜத்திலும் இல்லை.)

அண்ணி பையை மூடும்போது ஒன்று சொன்னார். இந்த இனத்தில் முதல் நாலு தலைமுறை ஆண்களுக்கு வாரிசு பிறக்காது. "இவன் எங்கயாவது அப்பனாகியிருந்தா சொல்லுங்க, அஞ்சுன்னு தைரியமா எழுதிடறேன்."

மெக்கானிக்கின் மனைவி உள்ளே போய்ப் புகாரின் நகலை எடுத்துவந்து படித்தார். "'மேற்படி மிருகம் மூன்று நாட்கள் தொடர்ச்சியாக மத்தியான வேளையில் என் பால்கனிக்குள் குதித்து, என் வெள்ளைப் பூனையிடம் அத்துமீறி'... டாக்டர், இதுல தேதியெல்லாம் போட்டிருக்காங்க."

4

எனக்குப் பிடித்த இடம் இது. இதை மட்டும் எந்தப் படியிலும் நான் மாற்றவில்லை.

மெக்கானிக் எதிர்வீட்டு மணியை அடித்தார். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா கதவைத் திறந்தார்.

"அக்கா, உங்க வெள்ளச்சி..."

"வயிறு தெரியுதா? நல்லா தெரியட்டும். யார் வேலைன்னு எனக்குத் தெரியும் தம்பி."

"அவன் வேலையா இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன்."

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னார். 

"அப்போ நான் குடுத்த புகாரே உனக்குச் சாட்சியா?"

"ஆமாக்கா."

படாரென்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் காலையில் அவரே வந்து, நிமிர்ந்து நின்ற கைப்பிடியோடு மல்லுக்கட்டித் தோற்று, கதவைத் தட்டினார். "குட்டி போட்டதும் டாக்டரை வரச் சொல்லு. என் பொண்ணுக்கு வாய்ச்ச மாப்பிள்ளை யாருன்னு எனக்கும் தெரியணும்ல."

அதிகாரியிடம் அண்ணி நாலு வார அவகாசம் கெஞ்சி வாங்கினார். படிவத்தில் 'தலைமுறை' என்ற இடம் காலியாகவே இருக்கிறது.

5

ஒன்றை மறைத்துவிட்டேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு செம்பூனை உண்டு. தடித்த கழுத்து, கிழிந்த காது, பார்த்தாலே போக்கிரி. அதுவும் மாடி ஏறும். நாலாவது படியில் அதை நான் ஒரே கோடாக அடித்துவிட்டேன். அண்ணி படித்துவிட்டு, "அந்தச் செம்பூனை எங்க?" என்றார்.

"கதைக்குத் தேவையில்ல அண்ணி."

"கதைக்குத் தேவையில்ல, சரி. மாடியில இருக்கே?"

திரும்ப எழுதினேன்.

முடிவுகள் இரண்டும் தயார். முதலாவதில் நாலு குட்டி, நாலிலும் கரும்புள்ளி. மெக்கானிக் தையல்காரம்மாவை சம்பந்தி என்று கூப்பிடுகிறார், படிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்கள். இரண்டாவதில் நாலும் செம்பு நிறம். அவகாசம் முடிகிற திங்கட்கிழமை காப்பகத்து வண்டி வருகிறது, அவர் வீட்டுக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பழையபடி படுக்க வைக்கிறார். இரண்டும் பிரமாதமாக வந்திருக்கின்றன. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

6

இன்று காலை அண்ணிக்குப் போன் வந்தது. வெள்ளச்சி தையல்காரம்மாவின் பீரோவில், ஜாக்கெட் துணி அடுக்குக்குள் புகுந்துகொண்டாளாம். அண்ணி பஞ்சுக் குச்சிகளோடு ஓடினார். குட்டியின் எச்சிலை எடுத்து அப்பன் யாரென்று பார்க்கும் சோதனை பிறகுதான், புள்ளி கண்ணுக்கே தெரிந்துவிடும். என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். போனில் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

மெக்கானிக் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறார். பின்னால் அவர் மனைவி, கழுத்துப் பட்டை கட்டிய மேனேஜரை இடுப்பில் தூக்கிக்கொண்டு.

"ஏன் அங்கயே நிக்கிறே? சம்பந்தியா இல்லையான்னு அப்புறம் பார்த்துக்கலாம். உள்ள வா" என்கிறார் தையல்காரம்மா. "அவனையும் கூட்டிட்டு வாங்க."

மெக்கானிக் பீரோ முன்னால் மண்டி போட்டு உட்கார்கிறார். முதல் குட்டி பிறந்து — [இங்கே என் கை தன்னால் 'கரும்புள்ளி' என்று எழுதப் போனது. பிடித்து இழுத்துவிட்டேன்.]

போனில் அண்ணி கிசுகிசுக்கிறார். "ஒண்ணு வந்துடுச்சு. ஒரே ஈரம், கறுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணும் தெரியல. அவ நக்கிக் காய வைக்கட்டும்."

எனக்குப் புள்ளி வேண்டும். இவ்வளவு பீற்றிக்கொண்டவன் இதையும் சொல்லிவிடுகிறேன், என்னையும் மீறி அந்தப் புள்ளி வேண்டும். எழுதினால் கிடைத்துவிடும். ஆனால் திங்கட்கிழமை வருகிற வண்டி என் எழுத்தைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

பேனாவை மூடிவிட்டேன். மெக்கானிக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, நீங்கள் போய் உட்காருங்கள். வெள்ளச்சி நக்கி முடிக்கட்டும். கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள், கடிப்பாள்.