நைனா பேசிய வீடியோ

குளிப்பாட்டியதும் உடுத்தப் புது வேட்டி வேண்டுமென்று பந்தலிலிருந்து குரல் வந்தது. செவ்வந்தி நைனாவின் தகரப்பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். அடியில் ஒரு மஞ்சள் பை, சுருட்டிக் கட்டியிருந்தது. பிரித்தாள். சர்க்கரை மாத்திரை அட்டைகள். மாதாமாதம் நர்சம்மா வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனவை. எல்லாம் முழு அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

நேற்றுப் பெரியாஸ்பத்திரியில், அப்பாவின் உயிர் போவதற்குக் கொஞ்சம் முன், "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?" என்று டாக்டர் கேட்டபோது, "ஒரு வேள தவறாது சார்" என்று சொன்னவள் அவள்தான்.

அம்மா சிட்டம்மாள் வேட்டிக்காக உள்ளே வந்தாள். பையைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

"இன்னாமா இது?"

"நீ வீடியோ எடுத்தியே, அதுலேர்ந்து போடறதில்ல."

செவ்வந்தி இரண்டு வருஷமாகச் சிறுகுறிஞ்சான் பொடி விற்கிறாள். முதலில் இலையையும் பொட்டலத்தையும் படம் பிடித்துப் போட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். தினம் ஒரு ரீல், வாரம் ஒரு வலைப்பதிவு, 'சர்க்கரைக்கு நாட்டு மருந்து' என்று யார் தேடினாலும் தன் பக்கம் வருகிற மாதிரி எழுதுவது என்று எல்லாம் கற்றாள். பொருளுக்கு ஒரு முகம் வேண்டும், நம்பும்படியான முகம் என்றார்கள். வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் தன் நைனா பெருமாளைவிட நம்பும்படியான முகம் எங்கே கிடைக்கும்? லீவு நாளில் சட்டை மாட்டி உட்காரவைத்தாள்.

"மூணு மாசமா இந்தப் பொடிதான், மாத்திரையே தொடறதில்லன்னு சொல்லு நைனா."

"போட்டுக்கினுதானம்மா கீறேன்?"

"வீடியோல எல்லாரும் இப்டித்தான் சொல்றாங்க. சும்மா வெளம்பரத்துக்கு."

நான்காவது தடவை தடுமாறாமல் சொன்னார். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

சிட்டம்மாள் வேட்டியை உதறி மடித்தாள். "டீக்கடையில, பஸ்ல எல்லாம் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. மெய்யாலுமா பெருமாளு, வுட்டுட்டியான்னு. ஆமான்னுட்டு வந்தார். அன்னிக்கி சோறே எறங்கல அந்த மனுசனுக்கு. இத்தினி பேர்கிட்ட சொல்லிட்டேன், இனிமே போட்டா எம்பொண்ணு பொய்க்காரி ஆயிடுவாள்னார். பொடிய மட்டும் தின்னுகினு இருந்தார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினார்."

அவள் குரலில் கோபமே இல்லை. வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வந்தி போனை எடுத்தாள். வீடியோவுக்குக் கீழே போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'எங்கம்மாவும் மாத்திரையை நிறுத்திட்டாங்க. உங்கப்பாவுக்கு நன்றி.' அதற்கு இவள் இரண்டு கும்பிடும் ஒரு இதயமும் போட்டிருந்தாள்.

நைனா பேசுகிற வீடியோ அவளிடம் அது ஒன்றுதான். போனிலும் வேறு இல்லை. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். பிறகு அழித்தாள். வலைப்பதிவையும் அழித்தாள். ஆனால் பொட்டலங்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. பார்சல் நோட்டில் பெயரும் போன் நம்பருமாகப் பக்கம் பக்கமாக இருந்தது.

"பொண்ணு எங்க? வரச் சொல்லுங்க" என்று வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு முதல் நம்பரை அழுத்தினாள்.

"சுப்பிரமணி அண்ணனா? உத்திரமேரூர் செவ்வந்தி பேசறேன். பொடி வாங்கினீங்களே."

"சொல்லும்மா. உங்கப்பாவப் பாத்துதான் நான் வாங்கினதே. ஆஃபர் எதனா போட்டிருக்கியா?"

"மாத்திரை போடறீங்களாண்ணா?"

"எங்க, நானும்தான் வுட்டுட்டேனே." அவர் சிரித்தார். "இன்னாம்மா மேளச் சத்தம் கேக்குது? வூட்ல விசேசமா?"

ஜன்னலுக்கு வெளியே, குளிப்பாட்டிய தண்ணீர் சீயக்காய் நுரையோடு மண்ணில் வழி தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள் செவ்வந்தி. "கொஞ்சம் உக்காந்துகினு கேளுங்க."